பூஜையில் வைத்த டேப்

அத்தியாயம் 11

“சார், ஆறு டேப்பையும் தனித்தனியா விசாரிச்சாச்சு. ஆறும் ஒரே வாக்குமூலம். போலீஸ்கூட இவ்வளவு அழகா சாட்சியைத் தயார் பண்ண மாட்டாங்க,” என்று நசீரா பிரிண்டரிலிருந்து காகிதத்தைக் கிழித்து நீட்டினாள்.

துப்பறிவாளர் பாக்கியநாதன் அதை வாங்கிப் பார்த்தார். பார்த்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கண் எழுத்தின் மேல் போயிற்று, அவ்வளவுதான். போன வருஷம் மனைவியைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்ததிலிருந்து அந்த மனிதருக்கு எதுவும் உறைப்பதில்லை. வழக்கு வந்தால் சந்தோஷமில்லை, வராவிட்டால் வருத்தமில்லை. மூளை மட்டும் ஓய்வு பெறப் போகிற குமாஸ்தா மாதிரி பழக்கத்தில் வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

துவாக்குடியில் பாய்லருக்கு இரும்புத் தொட்டிகள் செய்து கொடுக்கிற சின்னத் தொழிற்சாலை அது. இரண்டு மாதத்துக்கு முன்பு, அழுத்தச் சோதனையின்போது ஒரு தொட்டியின் வெல்டிங் ஜாயிண்ட் பிளந்தது. பக்கத்தில் நின்ற வெல்டர் தங்கையன் அந்த இடத்திலேயே இறந்துபோனார். ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் எக்ஸ்-ரே எடுத்து நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது அற்புதசாமியின் வேலை. கம்ப்யூட்டரில் அந்த ஜாயிண்ட்டுக்கு எதிரே ‘சரி’ என்று இருந்தது. எக்ஸ்-ரே படத்தைக் காணவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது அற்புதசாமி, “என் தப்புதான்” என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டார். இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறார்.

ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் அவருடைய மனைவி வியாகுலம்மாள். பாக்கியநாதனின் பாலக்கரை அலுவலகத்துக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, “கத்தரிக்கா வாங்கினாக்கூட வெளிச்சத்துல காட்டி ஓட்டை இருக்கான்னு பாக்குற மனுஷன் சார். கெட்ட ஜாயிண்ட்டை சரின்னு சொல்லவே மாட்டார். அவரை எனக்கு மீட்டுக் குடுங்க. ஜெயிலுக்குப் போனா திரும்பி வர்ற உடம்பு இல்ல அது,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அற்புதசாமி ‘கெட்டது’ என்று எழுதியதை யாராவது பிறகு ‘சரி’ என்று மாற்றியிருந்தால்? அப்படியானால் பழைய பிரதி எங்காவது இருக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் ஒரு டேப்பில் நகல் எடுப்பார்கள். திங்கள் முதல் சனி வரை கிழமைக்கு ஒரு டேப். அடுத்த வாரம் அதே கிழமை டேப்பின் மேலேயே மறுபடி எழுதுவார்கள். ஒர்க்ஸ் மேனேஜர் தடையே சொல்லவில்லை. “தாராளமா பாருங்க” என்று கதவைத் திறந்துவிட்டுப் போனார். அந்தத் தாராளம்தான் பாக்கியநாதனுக்குப் பிடிக்கவில்லை.

நசீரா டேப்பை ஒவ்வொன்றாகப் போட்டு அதே கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்டுகிற ஜாதி இல்லை. ஜமால் முகமது கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அத்தாவின் பிரியாணிக் கடையில் உட்காரப் பிடிக்காமல் துப்பறிய வந்தவள். வேண்டிய கட்டளைகளையெல்லாம் வரிசையாக ஒரே கோப்பில் எழுதி வைத்தாள். ஷெல் ஸ்கிரிப்ட் என்று அதற்குப் பெயர். இயந்திரம் அதைப் படித்துத் தானே நடந்துகொள்ளும். ‘அடுத்த டேப்பைப் போடு’ என்று கேட்கும். போட்டால், அதில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்கும். அந்தத் தொட்டியின் கோப்பை மட்டும் பொறுக்கி, பெயர், அளவு, கடைசியாக எழுதிய தேதி மூன்றையும் வெட்டி எடுத்து, முந்தைய டேப்போடு ஒத்துப் பார்த்து அச்சடிக்கும்.

“ஒரே வேலையை ஆறு தடவை கையால செஞ்சா, நான் ஆறு விதமா தப்பு பண்ணுவேன் சார். எழுதி வெச்சிட்டா ஒரே தப்பை ஆறு தடவை ஒழுங்கா பண்ணும்,” என்று அவள் காலையில் அதற்கு விளக்கம் சொல்லியிருந்தாள்.

அச்சடித்த காகிதத்தில் ஆறு வரிகள். ஆறிலும் அதே அளவு, அதே தேதி. ஆயுத பூஜை கழிந்த திங்கட்கிழமை.

“எக்ஸ்-ரே எடுத்தது பூஜைக்கு முன்னாடி. கம்ப்யூட்டர்ல ஏறினது பூஜைக்கு அப்புறம். நடுவுல அந்த மனுஷன் என்ன செஞ்சுக்கிட்டிருந்தார்?” என்றார் பாக்கியநாதன்.

“பொரிகடலை சாப்பிட்டிருப்பார். ஆபீஸ் பூரா அதானே சாப்பிட்டிருக்கும்.”

அறையின் மூலையில் ஒரு பெண் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தாள். டோரதி. அற்புதசாமியின் ஒரே மகள். அதே தொழிற்சாலையில்தான் வேலை. அப்பாவைச் சஸ்பெண்ட் செய்த பிறகும் தினமும் வருகிறாள். டேப்புகளை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பான சடகோபன், மார்கழி என்பதால் லீவு போட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துக்கொண்டிருந்தார்.

பாக்கியநாதன் நாற்காலியைப் பின்னால் தள்ளி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். டெலிபோனில் காய்ந்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பிரிண்டரில் பொட்டு. மின்விசிறியின் ரெகுலேட்டரில் பொட்டு. தீயணைக்கும் சிலிண்டருக்கும், குப்பைக்கூடைக்கும்கூட பொட்டு வைத்திருந்தார்கள். ஆயுத பூஜையில் அந்த அறையில் யாரையும் விட்டுவிடவில்லை. அவர் மேஜை மேல் அடுக்கியிருந்த டேப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். திங்களுக்குப் பொட்டு உண்டு. புதன், வியாழன், வெள்ளி, சனிக்கும் உண்டு.

“நசீரா, சரஸ்வதிக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் ஏதாவது மனஸ்தாபமா?”

“என்னைக் கேட்டா? நான் நத்தர்ஷா பள்ளிவாசல் தெரு.”

“செவ்வாய் டேப்புக்கு மட்டும் பொட்டு இல்ல. பெட்டி புத்தம் புதுசா இருக்கு.”

நசீரா டேப்பை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். “கடை வாசனைகூடப் போகலை சார். பூஜை முடிஞ்சு வந்த விருந்தாளி. அப்ப பழைய செவ்வாய் எங்க?”

டைப் அடிக்கிற சத்தம் நிற்கவில்லை. டோரதி திரும்பாமலே பேசினாள்.

“பழைய டேப்ல சந்தனம் பட்டுடுச்சு. சடகோபன் சார் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டார். இது அதுக்குப் பதிலா வெச்சது.”

“இதை ஏம்மா காலையிலேயே சொல்லலை?”

“யாரும் கேக்கலை சார்.”

குரலில் ஒன்றுமே இல்லை. கோபமோ பயமோ இருந்தால் பாக்கியநாதன் குறித்துக்கொண்டிருப்பார். அப்படி ஒன்றுமில்லாத குரலை அவர் தினமும் தன் வாயிலேயே கேட்டுக்கொண்டிருந்ததால் பெரிதாக நினைக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

*

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் பிதுங்கி வழிந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பகல் பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்த நேரம். ஸ்ரீரங்கத்தில் இறங்கி, நாமமும் துளசி மாலையுமாகப் போகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருவரும் கீழச் சித்திரை வீதிக்குப் போனார்கள்.

சடகோபன் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார். நெற்றி நிறையத் திருமண். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் அது கொஞ்சம் சுருங்கியது.

“டேப்பா? எந்த டேப்? ஆபீஸ்ல எல்லாம் இருக்குமே ஸார்.”

“செவ்வாய்,” என்றார் பாக்கியநாதன்.

“செவ்வாயும் இருக்குமே.”

“இருக்கு. பொட்டு வைக்காம இருக்கு.”

சடகோபன் மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அடுத்த பொய்யைக் கூட்டிச் சேர்ப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி ரங்கநாயகி ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

“அந்தச் சந்தனப் பொட்டியையா கேக்கறா? நம்ம கோயிலாழ்வார்லன்னா இருக்கு.”

கோயிலாழ்வார் என்பது அவர்கள் வீட்டுப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் மர மண்டபம். சாளக்கிராமத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளி, துளசிக் கிள்ளலோடு, நம்பெருமாள் படத்தில் சாய்ந்தபடி ஒரு கம்ப்யூட்டர் டேப் உட்கார்ந்திருந்தது.

“சார், இந்தியாவிலேயே மரியாதையான பேக்கப் இதுதான்,” என்றாள் நசீரா மெதுவாக.

சடகோபன் ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். “அன்னிக்கு சந்தனம் கரைச்சது அடியேன்தான். கொஞ்சம் தண்ணியாப் போயிடுத்து. முதல் நாள் சாயங்காலம் எழுதின டேப்புங்கறதால அதைப் படத்துக்கு நேரா எல்லாத்துக்கும் மேல வெச்சிருந்தேன். மூடியைச் சரியா மூடலை. வழிஞ்சு உள்ள போயிடுத்து. அதைத் திரும்ப மிஷின்ல போட்டா மிஷின் பாழாயிடும். தூக்கிப் போடலாம்னா பூஜைல வெச்ச வஸ்து. குப்பைக்கூடைல எப்படி ஸார் போடறது? அதனால காவேரில சேர்த்துடலாம்னு கொண்டுவந்தேன்.”

“நான்தான் விடலை. பிளாஸ்டிக்கை ஆத்துல போட்டா மீனுக்கு ஆகுமா?” என்றாள் ரங்கநாயகி.

“ஆபீஸ்ல ஏன் சொல்லலை?”

“சொன்னா என் அஜாக்கிரதைன்னு மெமோ வரும். புதுசு ஒண்ணுல செவ்வாய்னு எழுதி வெச்சுட்டேன். சும்மாக் கிடக்கற டேப்தானேன்னு நினைச்சேன்.”

“உங்களோட இத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷன் ஜெயிலுக்குப் போகப் போறார். இதுல பழைய பிரதி இருக்கும்னு தோணலையா?”

சடகோபன் தரையைப் பார்த்தார். “தோணித்து ஸார். அவரே ஒத்துண்டுட்டாரே, இனிமே எதுக்குன்னு இருந்துட்டேன்.”

அவரை வையவேண்டும் என்று பாக்கியநாதனுக்குத் தெரிந்தது. வைகிற அளவுக்கு உள்ளே எதுவும் எழும்பவில்லை. “சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க,” என்று மட்டும் சொன்னார்.

ரங்கநாயகி டேப்பை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி நசீராவிடம் கொடுத்தாள். “கீழ மட்டும் வெச்சுடாதேம்மா.” திரும்புகிற பஸ்ஸில் நசீரா கூட்ட நெரிசலில் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள். பக்கத்து சீட்டு அம்மாள் சந்தன வாசனையை முகர்ந்துவிட்டு, எந்தச் சன்னிதிப் பிரசாதம் என்று விசாரித்து, துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நசீரா மறுக்கவில்லை.

*

துவாக்குடிக்குத் திரும்பும்போது மத்தியானச் சங்கு ஊதி அடங்கியிருந்தது. சடகோபன் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துக்கொண்டு, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் டேப்பைத் துடைத்தார்.

“ரொம்ப நேரம் ஓடாது ஸார். எங்க நிக்கும்னு சொல்ல முடியாது.”

“உன் ஸ்கிரிப்ட்டைப் போடு,” என்றார் பாக்கியநாதன்.

“வேணாம் சார். அது நல்ல டேப்புக்கு எழுதினது. நடுவுல ஒரு இடத்துல இடறினாலும் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு உக்காந்துடும். இந்த நோயாளியை நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

பட்டியல் எடுக்கிற கட்டளையை அவள் கையால் தட்டினாள். டேப் கரகரத்துக்கொண்டு சுற்றியது. திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின. வெட்டாமல் பொறுக்காமல் வந்ததால் ஒவ்வொரு வரியும் திரையின் குறுக்கே முழு நீளத்துக்கு ஓடியது. தேடிய கோப்பின் பெயர் வந்தது. நசீரா உடனே அடுத்த கட்டளையைக் கொடுத்து அந்தக் கோப்பைத் தனியாக எடுத்து வைத்தாள். அது வெளியே வந்த மறுகணம் டேப் ஒரு மாதிரி முனகிவிட்டு நின்றது. படிக்க முடியவில்லை என்று இயந்திரம் கையை விரித்தது.

“போதும். வேண்டியதைக் குடுத்துட்டுத்தான் கண்ணை மூடியிருக்கு,” என்று சொல்லி நசீரா கோப்பைத் திறந்தாள்.

அந்த ஜாயிண்ட்டுக்கு எதிரே எழுதியிருந்தது: ‘ஓட்டை உள்ளது. நீக்கிவிட்டு மறுபடி வெல்டிங் செய்யவும். அதுவரை சோதனைக்கு அனுப்பக் கூடாது.’ தேதி, பூஜைக்கு முந்தைய செவ்வாய்.

சடகோபன் இரண்டு கையையும் கூப்பினார். “பெருமாளே. மனுஷர் சரியாத்தான் எழுதியிருக்கார்.”

“ஜெயிச்சாச்சு சார். வியாகுலம் அக்கா வீட்ல இன்னிக்கு எனக்குக் கறிக்குழம்பு,” என்றாள் நசீரா.

இந்த இடத்தில் ஒரு துப்பறிவாளருக்கு என்ன தோன்ற வேண்டுமோ அது பாக்கியநாதனுக்குத் தோன்றவில்லை. வெற்றி என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கண் மட்டும் பழக்கத்தில் திரையின் மேல் இருந்த வரிக்குப் போயிற்று.

“நசீரா, அளவுக்கு முன்னாடி ‘அற்புதம்’னு இருக்கே, அது என்ன?”

“கோப்போட சொந்தக்காரர் பேர் சார். யார் எழுதினாங்களோ அவங்க.”

“காலையில நீ குடுத்த காகிதத்துல அது இல்லையே.”

“அகலம் பத்தலை சார். எல்லாம் ஆபீஸ் கோப்புதானே, சொந்தக்காரர் பேர் எதுக்குன்னு ஸ்கிரிப்ட்ல அந்தப் பத்தியை வெட்டி…”

நசீரா அங்கேயே நிறுத்திவிட்டாள். ஆறு டேப்பிலும் அதே பத்தியை அவள் ஸ்கிரிப்ட் ஒழுங்காக வெட்டியிருந்தது.

“திங்கள் டேப்பைப் போடு. அதையும் கையால,” என்றார் பாக்கியநாதன்.

போட்டாள். வரி முழுசாக வந்தது. அதே கோப்பு, பூஜைக்குப் பிந்தைய தேதி, ‘சரி’ என்ற தீர்ப்பு. சொந்தக்காரர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டோரதி’ என்று இருந்தது.

சடகோபன் தாழ்ந்த குரலில், “இருக்கறதைத் திருத்தினா பேர் மாறாது ஸார். பழசை எடுத்துட்டு அதே பேர்ல புதுசா எழுதிப் போட்டா, போட்டவா பேர் வந்துடும்,” என்றார்.

மூலையில் நாற்காலி காலியாக இருந்தது. இவர்கள் ஸ்ரீரங்கம் கிளம்பியதுமே டோரதி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டதாக வாசல் காவல்காரர் சொன்னார்.

பாக்கியநாதன் நாற்காலியில் சாய்ந்தார். அற்புதசாமி ஏன் ஒரே வரியில் ஒப்புக்கொண்டார் என்று இப்போது விளங்கியது. தான் எழுதியது மாறியிருப்பது விபத்து நடந்த அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் எழுத்தை மாற்றுகிற வசதி உள்ள இன்னொரு ஆள் அந்த அறையில் யார் என்பதும் தெரியும். மகள் மேல் கை விழுவதற்குள் தன் கையை நீட்டிவிட்டார்.

“அந்தப் பொண்ணு தானா மாத்தியிருக்காது சார். சாமானை அனுப்ப மேனேஜருக்குத்தான் அவசரம். ஆனா அவர் பேர் எந்த டேப்லயும் இல்ல,” என்றாள் நசீரா. பிறகு, “இதை நாம பாக்கலைன்னு வெச்சுக்கலாமா?” என்று கேட்டாள். முதல் தடவையாக அவள் குரலில் கேலி இல்லை.

“அப்பா ஜெயிலுக்குப் போவார். மேனேஜர் அடுத்த தொட்டியை அனுப்புவார். தங்கையன் வீட்ல அவர் செத்ததுக்கு யார் காரணம்னு தெரியாமலே போயிடும்.”

“பொண்ணு?”

பாக்கியநாதன் இரண்டு வரியையும் அச்சடிக்கச் சொன்னார்.

*

மேலப்புதூரில் மாதா கோயில் சந்துக்குள் அற்புதசாமியின் வீடு. அவர் முன்னறையில் பிரம்பு நாற்காலியில், பனியனோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வியாகுலம்மாள் முந்தானையால் பெஞ்சைத் துடைத்து, “உக்காருங்க சார். ஏதாவது தெரிஞ்சுதா?” என்றாள்.

“ஐயா எழுதினது சரியாத்தாம்மா இருக்கு. பழைய டேப்ல கிடைச்சிடுச்சு.”

வியாகுலம்மாள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அற்புதசாமி அசையவில்லை. பாக்கியநாதன் காகிதத்தை அவர் மடியில் வைத்தார். அவர் படித்தார். இரண்டாவது வரியில் கண் நின்றது.

“இதை வேற யார் பாத்தாங்க?”

“சடகோபன் பாத்தார்.”

“அவர் நல்லவர். சொல்ல மாட்டார். நீங்களும் இதை என்கிட்டயே விட்டுட்டுப் போயிடுங்க தம்பி. நான்தான் ஒத்துக்கிட்டேனே. எனக்கு இன்னும் எத்தனை வருஷம்? அதுக்கு இப்பதான் ஆரம்பிக்குது.”

“எதுக்கு? என்ன சொல்றீங்க?” என்று வியாகுலம்மாள் அழுகையை நிறுத்தினாள்.

“மேனேஜர் ஒரு தாளை நீட்டி டைப் பண்ணச் சொல்லியிருப்பார். சின்னப் பொண்ணு, அடிச்சுக் குடுத்திருக்கும். அதுல என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்ப்பா.”

டோரதி உள்ளறை வாசலில் நின்றாள். ஆபீசுக்குக் கட்டிய அதே புடவை. தொழிற்சாலையில் கேட்ட அதே குரல்.

“ஸ்கூல் படிக்கும்போதே உங்க ரிப்போர்ட்டை உங்களுக்குப் படிச்சுக் காட்டினவ நான். ஓட்டைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் அடிச்சேன்.”

“டோரதி, உள்ள போ.”

“சாமானை இந்த வாரமே அனுப்பணும், ஜாயிண்ட்டை நாளைக்கே சரி பண்ணிடுவாங்க, கம்ப்யூட்டர்ல மட்டும் இப்பவே மாத்திடுன்னு சொன்னார். உன் வேலையை நிரந்தரம் பண்றேன்னார். நாளைக்கே சரி பண்ணிடுவாங்கன்னுதானே சொல்றார்னு அடிச்சேன். யாரும் சரி பண்ணலை. படத்தை அவர்தான் எடுத்துட்டுப் போனார். தங்கையன் அண்ணன் தினமும் காலையில எட்டிப் பாத்து, சாப்பிட்டியாம்மான்னு கேட்டுட்டுத்தான் ஷெட்டுக்குப் போவார். அன்னிக்கும் கேட்டார்.”

அவள் முகத்தில் கண்ணீர் இல்லை. பாக்கியநாதனுக்கு அந்த முகம் நன்றாகப் புரிந்தது. ஒரு வருஷமாகச் சவரக் கண்ணாடியில் பார்த்து வருகிற முகம்தான். அதைத் தேற்ற ஒரு வார்த்தைகூடக் கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும்.

“ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?” என்று கேட்டார்.

“அப்பா முந்திக்கிட்டார். இனிமே நான் சொன்னா அவரைப் பொய்யர் ஆக்கின மாதிரி ஆகும்னு எனக்கே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அது இல்ல சார். பயம். அழுகைகூட வரலை. காலையில எழுந்திரிக்கிறேன், பஸ் ஏறுறேன், அடிக்கிறேன். நீங்க டேப்பைத் தேடி வந்தப்ப, கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. கேட்டீங்க.”

அவள் அப்பாவின் மடியிலிருந்து காகிதத்தை எடுத்து மடித்தாள்.

“முதல்ல மாரியாயி அக்கா வீட்டுக்குப் போறேன். போலீஸ் சொல்லி அவங்களுக்குத் தெரியக் கூடாது. அப்புறம் ஸ்டேஷன். மேனேஜர் பேரையும் நான்தான் சொல்லணும். வேற யாராலயும் சொல்ல முடியாது.”

தங்கையனின் மனைவி மாரியாயி வீடு அரியமங்கலத்தில். அற்புதசாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தடுக்கப் போகிறார் என்று நசீரா ஓரடி முன்னால் வந்தாள். அவர் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பித்தான் துளையை விரல் தேடித் தேடித் தவறியது. டோரதி வந்து போட்டுவிட்டாள்.

“அந்த வீட்டுக்குத் தனியாப் போகாதே. நானும் வரேன்,” என்றார்.

இருவரும் படியிறங்கினார்கள். நசீரா ஆட்டோ கூப்பிட முன்னால் ஓடினாள். பாக்கியநாதன் கடைசியாக எழுந்து வாசலுக்கு வந்தார்.

வியாகுலம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்து திரும்புகிற வரை கணவனையும் மகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“சார், சோறு வடிக்கணும். ராத்திரிக்கு ரெண்டு பேர்ல யாரு வீட்டுக்கு வருவாங்க?”

பாக்கியநாதன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“ஐயா வருவாரும்மா,” என்றார்.